வேலிக்கு அப்பால் கேட்ட பரம்பரை

"இந்தப் பொட்டு நான்தானே?"

சுவரில் ஒட்டியிருந்த பரம்பரைப் படத்தில் சுட்டுவிரலை வைத்துக்கொண்டு அந்தப் பெண் கேட்டாள். கொடிகாமத்திலிருந்து சைக்கிள் உழக்கி வந்திருந்தாள். முகமெல்லாம் வியர்வை, பாவாடைக் கரையில் செயின் கிறீஸ். எங்கள் பல்கலைக்கழக ஆய்வறையில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. பெரியவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள்.

"எந்தப் பொட்டு?" என்றேன். தெரியாதவள் போலத்தான்.

"உந்த வட்டத்துக்கு நடுவிலை கறுப்பா வைச்சிருக்கிறியளே, அது. தகப்பன் அரசாங்கக் கச்சேரியிலை கிளாக்கர், பேரன் கிணத்துக்கை விழுந்து செத்தவர், மூத்தது பெட்டை, பிறகு ஒரு பொடியன், பிறகு ரண்டு பெட்டையள். எங்கடை ஊரிலை உப்பிடி எத்தினை குடும்பம் இருக்கு?"

படத்தில் பெயர் கிடையாது. பெயர்களை மறைத்துவிட்டோம் என்று அறிக்கையில் பெருமையாக வேறு எழுதியிருந்தோம். யாழ்ப்பாணத்தில் ஒருவரை அடையாளம் காணப் பெயர் வேண்டும் என்று நினைத்த படிப்பு எங்கள் படிப்பு.

"பொட்டு எண்டால் விசரோ அக்கா?"

"இல்லையம்மா. முழுக்கக் கறுப்பெண்டால்தான் விசர், மூளைக் குழப்பம். பொட்டெண்டால்... உள்ளுக்குள்ளை ஒளிச்சிருக்கலாம், பிள்ளையளுக்குப் போகலாம் எண்டு."

"ஆர் சொன்னது?"

நான் படத்தின் ஓரத்தைக் கையால் மறைத்தேன்.

"ஆவணியிலை எனக்குக் கலியாணம். தாலிக்குப் பொன்னுருக்கலுக்கு நாளும் வைச்சாச்சு. முந்தநாள் மாப்பிளையின்ரை தாய்மாமன் ஆளனுப்பியிருக்கிறார், யோசிக்க வேணுமாம். உந்தப் படத்தைப் பாத்திட்டுத்தான் யோசிக்கினம்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

"எனக்கு இருபத்தொன்பது வயசு. எனக்குப் பின்னாலை ரண்டு பேர் நிக்கினம். உங்கடை படத்தாலை வந்தது, நீங்கள்தான் மாத்தித் தரவேணும்."

பெயர் யோகராணி. ஊரில் யோகம் என்பார்கள். அந்த வட்டத்தைக் கீறியது என் கை. அந்தப் பொட்டை வைத்ததும் என் கைதான்.

ஈக்களுக்குச் சீனி இல்லை

சென்ற கிழமை இந்தப் பத்தியில் மண்ணெண்ணெய் வரிசையைப் பற்றி எழுதியதைப் படித்த வாசகி ஒருவர், "அந்தக் காலத்தில் நீங்கள் என்னதான் வேலை பார்த்தீர்கள்?" என்று கேட்டிருந்தார். சொல்கிறேன் அம்மா. நான் மனித மூளையை ஆராய்ந்தேன்.

இந்தியப் படை போய், அதன் பின்னாலேயே மின்சாரமும் போய்விட்ட காலம். பல்கலைக்கழகத்தில் மூன்று பேர் சேர்ந்து ஒரு கூட்டாய்வு தொடங்கினார்கள். மூளை, மரபு, மனித நடத்தை. மூன்று சொல்லில் எது முதலில் வரவேண்டும் என்று தீர்மானிக்கவே அவர்களுக்கு ஒரு தவணை போய்விட்டது.

ஒருவர் நரம்பு வைத்தியர். மனிதன் செய்வதெல்லாம் மூளை செய்வது என்பார். அவரிடம் மூளை அலை பதியும் இயந்திரம் ஒன்று இருந்தது. வெளிநாட்டு நன்கொடை. வந்து இறங்கியபோது கரண்ட் இல்லை. பூப்போட்ட படுக்கை விரிப்பால் மூடி வைத்திருந்தோம். பியோன் அதன்மேல் சாப்பாட்டுப் பெட்டியை வைப்பார்.

இரண்டாமவர் தத்துவ விரிவுரையாளர். எல்லாம் வளர்ப்பு என்பார். அவருடைய பிள்ளைகளைப் பார்த்தவர்கள் அதை நம்பமாட்டார்கள்.

மூன்றாமவர்தான் தலைவர், விலங்கியல் பேராசிரியர். இருபது வருடமாகப் பழ ஈக்களின் இறக்கையை எண்ணிக்கொண்டிருந்தவர். பொருளாதாரத் தடையில் ஈக்களுக்குப் போடச் சீனி கிடைக்கவில்லை. ஈக்கள் செத்துப்போயின. அதற்குப் பிறகுதான் அவர் மனிதரிடம் வந்தார்.

நான் சிவமலர், வயது முப்பது, விலங்கியலில் பட்டம், தற்காலிக ஆய்வு உதவியாளர். என்னிடம் ஒரு சைக்கிளும், கையால் எழுதிய கேள்விக்கொத்தும், பழைய நில அளவைத் தாள்களும் இருந்தன. தாளின் பின்பக்கத்தில் படம் கீறுவேன். பெண் வட்டம், ஆண் சதுரம், நோய் என்றால் உள்ளே கறுப்பு. கறுப்பு மை கடையில் இல்லை. சிரட்டைக் கரியை அரைத்துப் பசையில் குழைத்துக்கொண்டேன்.

ஊரெல்லாம் சுகம்

கேள்வி இதுதான்: உங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறைக்குள் யாருக்காவது மூளைக் குழப்பம், வலிப்பு, அடங்காத கோபம் உண்டா?

"சிவசிவா! எங்கடை பக்கத்திலையோ? எங்கடை ஆக்களுக்குச் சளித் தடிமனே வாறேல்லைப் பிள்ளை."

ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர், "கோபமோ? ஆற்றை பரம்பரையிலை கோபம்? ஆரடி உனக்குச் சொன்னது?" என்று கத்தியபடி நாயை அவிழ்த்துவிட்டார். கோபம் இல்லை என்று எழுதிக்கொண்டு ஓடிவந்தேன்.

இரண்டு மாதம் தென்மராட்சி முழுவதும் உழக்கினேன். ஒரு வீட்டிலும் ஒரு விசர் இல்லை. விலங்கியல் பேராசிரியர் வெள்ளை வட்டங்களையும் வெள்ளைச் சதுரங்களையும் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"உப்பிடி ஒரு சனம் உலகத்திலை இருக்கேலாது பிள்ளை. நீர் வடிவாக் கேட்கேல்லை."

வடிவாகத்தான் கேட்டேன். கேட்ட இடம்தான் பிழை. எங்கள் ஊர்களில் முன்பின் தெரியாத ஒருத்தி படலை வாசலில் நின்று, உங்கள் குடும்பத்தில் விசர் உண்டா என்று கேட்டால் அதற்கு ஒரே கருத்துத்தான். கலியாணம் விசாரிக்க வந்திருக்கிறாள். நான் பல்கலைக்கழகம் என்று சொன்னதைக் கெட்டிக்கார வேடம் என்றே எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி என்னிடம் மாப்பிள்ளையின் உயரம் கேட்டாள்.

என் கெட்டித்தனம்

இனிச் சொல்லப்போவதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் கன்னத்தில் அறையவேண்டும் போலிருக்கிறது.

கொடிகாமத்துக்குத் தெற்கே ஒரு வீட்டில் பறுவதம் அக்கா என்ற மனிசி இருந்தா. கேள்வியைக் கேட்டு முடிக்கவில்லை, கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதிரையில் இருத்திவிட்டா.

"என்னட்டை ஏன் என்னைப்பற்றிக் கேட்கிறாய்? வேலிக்கு அங்காலை இருக்கிற கூட்டத்தைப்பற்றிக் கேள். அவையிட்டைப் போனால் சொல்லமாட்டினம். நான் சொல்லுறன், எழுது."

பனங்கட்டியும் தேத்தண்ணியும் வந்தன. நான்கு தலைமுறையும் வந்தது.

"பேரன் கிணத்துக்கை விழுந்தவர் எண்டு சொல்லுவினம். விழேல்லைப் பிள்ளை, குதிச்சவர். தகப்பன் கச்சேரியாலை வந்தால் மாட்டோடைதான் கதை. மாமி ஒருத்தி நாளுக்கு மூண்டுதரம் முழுகிறவள். பெட்டை மூத்தது, அது வாய் திறவாது. ஊமைக் கள்ளி. உதுகள் என்ன, வடிவான குடும்பமோ?"

எழுதினேன், அம்மா. எல்லாவற்றையும் எழுதினேன். கிணறு ஒரு கறுப்பு, மாடு ஒரு கறுப்பு, முழுக்கு ஒரு கறுப்பு. வாய் திறவாத பெட்டைக்குப் பேராசிரியர் சொல்லி ஒரு பொட்டு.

சொந்த வீட்டில் கேட்டால் பூச்சியம், அடுத்த வீட்டில் கேட்டால் நாலு தலைமுறை. இந்த உண்மையைக் கண்டுபிடித்து நான் பேராசிரியரிடம் ஓடினேன். அவர் மேசையில் அடித்தார். அதற்கு "அயல்வழித் தகவல் முறை" என்று பெயரும் வைத்தார். அடுத்த நாளிலிருந்து நான் அவருக்கு "எங்கடை சிவமலர்" ஆகிவிட்டேன். எனக்குத் தலை கால் தெரியவில்லை. மழையிலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் அயலட்டையைக் கேட்டேன். சிரட்டை போதாமல் பக்கத்து வீட்டில் வாங்கினேன்.

வைகாசியில் பல்கலைக்கழகத்தில் கண்காட்சி. மூளை அலை இயந்திரத்துக்குப் புது விரிப்புப் போட்டோம். சுவரில் ஆக வடிவான படம், யோகத்தின் குடும்பம். பார்வையாளர்களில் வேட்டி சால்வையோடு ஒரு முதியவர் வந்தார். அளவெட்டிப் பக்கம் விதானையாராக, கிராமத் தலைமைக்காரராக, இருந்து இளைப்பாறியவர். படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"பிள்ளை, உந்தப் பொட்டுக்கு என்ன கருத்து?"

நான் பிரம்பால் தொட்டுத் தொட்டு விளங்கப்படுத்தினேன். அவர் நன்றி சொல்லித் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். அவருடைய தங்கை மகன் அளவெட்டியில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். சவர்க்காரம் கண்ணால் காணக் கிடைக்காத அந்தக் காலத்தில் சங்கக்கடை மனேச்சர் என்றால் டொக்ரரை விடப் பெரிய மாப்பிள்ளை. அந்த மாப்பிள்ளைக்குத்தான் யோகத்தைப் பேசியிருந்தார்கள்.

மூன்று பதில்கள்

யோகம் போன பிறகு நான் படங்களை எல்லாம் நிலத்தில் விரித்தேன். ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் யார் சொன்னது என்று சிறிதாக எழுதியிருந்தேன். அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தேன்.

வேலி வழக்கு உள்ள இடத்தில் எல்லாம் விசர். வேலி அடைக்கும்போது கதியாலை, வேலித் தடியை, சாண் அளவு தள்ளி நட்டவன் வீட்டில் மூன்று தலைமுறைக்கு விசர். தள்ளக் கொடுத்தவன் வீட்டிலும் விசர், அதைச் சொன்னது தள்ளியவன். கோவிலும் ஒழுங்கையும் சுற்றியிருந்து அயலே இல்லாத வீட்டுக்காரர் மட்டும் பூரண சுகம். பறுவதம் அக்காவுக்கும் யோகத்தின் தகப்பனுக்கும் ஒரு பூவரசுக்காகப் பதினொரு வருட வழக்கு. நான் ஆராய்ந்தது மூளையும் இல்லை, மரபும் இல்லை. எல்லைச் சண்டை.

தகவல் பிழை என்று ஒரு கடிதம் எழுதித் தரும்படி மூன்று பேரிடமும் போனேன்.

"பிழையான தகவல் இவ்வளவு வடிவா வருமோ பிள்ளை?" என்றார் விலங்கியல் பேராசிரியர். "ஒவ்வொரு தலைமுறையிலையும் அரைவாசிப் பேர். பாடப் புத்தகத்திலை இருக்கிறமாதிரியே கிடக்கு."

"சேர், உது பறுவதம் அக்காவின்ரை வாயாலை வந்தது."

"அவவுக்கு மரபியல் தெரியுமோ?"

"இல்லை சேர்."

"பிறகெப்பிடி அவவாலை இவ்வளவு ஒழுங்காப் பொய் சொல்லேலும்?"

நரம்பு வைத்தியர், கடிதம் எழுதினால் குடும்பத்தின் இரகசியம் வெளியே போய்விடும் என்றார். "இரகசியம் சுவரிலை தொங்குது சேர்" என்றேன். "சுவர் வேறை, கடிதம் வேறை" என்றார்.

தத்துவ விரிவுரையாளர்தான் உண்மையில் சந்தோஷப்பட்டார். "கலியாணம் குழம்பிப் போச்சோ? அருமை! படத்தைப் பாத்துச் சனம் எப்பிடி நடக்குது எண்டதுதானே என்ரை அத்தியாயம். அந்தப் பெட்டையிட்டைக் கேட்க நாலு கேள்வி எழுதித் தாறன், போய்க் கேட்டுக்கொண்டு வாரும்."

நான் கதவை அடித்துச் சாத்தினேன். நிலை ஆடியது. சுவரிலிருந்த படத்தைக் கிழித்தெடுத்துச் சுருட்டி, சைக்கிளில் கட்டிக்கொண்டு அளவெட்டிக்கு வெளிக்கிட்டேன்.

எழுதிப் போடாதை

விதானையார் தங்கை வீட்டு விறாந்தையில் இருந்தார். மாப்பிள்ளையின் வீடு அது. எல்லாவற்றையும் சொன்னேன். நல்லவர்தான், பொறுமையாகக் கேட்டார்.

"விளங்குது பிள்ளை. வேலிச் சண்டையிலை சனம் என்னவும் சொல்லும். எனக்கும் நாலு வழக்கு இருக்கு."

"அப்ப ஐயா?"

"ஆனால் உது எழுத்திலை வந்திட்டுதே. படிச்ச ஆக்கள் எழுதினதை நான் எப்பிடி இல்லையெண்டுறது?" கொஞ்சம் யோசித்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீர் எந்த ஊர்? தகப்பன் என்ன செய்யிறவர்?"

யோகத்தின் இடத்துக்கு என்னைப் பேசுகிறார் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"உங்கடை பக்கத்திலை உப்பிடியொண்டும் இல்லையே?"

"நிறைய இருக்கு ஐயா. வேணுமெண்டால் படம் கீறித் தாறன்" என்றேன்.

அளவெட்டி வரை உழக்கி வந்த தாகம் வேறு. கிணற்றடியில் தண்ணீர் குடிக்கப் பின்பக்கம் போனேன். குசினிக்கு அங்கால் ஒரு சின்ன அறை. கதவுக்கு வெளியே கொண்டி போட்டிருந்தது. யன்னல் கம்பிக்கு வெளியே ஒரு கை வந்து அசைந்தது.

"தம்பி வந்திட்டானோ? சீனி கொண்டாறன் எண்டவன்."

ஒரு பெண், முப்பத்தைந்து வயது இருக்கும். சிரித்த முகம். தலைமயிர் சடை பிடித்துக் கட்டியாகக் கிடந்தது. மாப்பிள்ளைக்குச் சகோதரம் இல்லை, ஒரே பிள்ளை என்று கலியாணத் தரகர் யோகம் வீட்டாரிடம் சொல்லியிருந்தார்.

எனக்குப் பின்னால் மாப்பிள்ளையின் தாய் வந்து நின்றா. கையில் தண்ணீர்ச் செம்பு.

"என்ரை மூத்தது பிள்ளை. தவம். பத்தொன்பது வயசு வரைக்கும் நல்லா இருந்தவள்." செம்பை என்னிடம் நீட்டினா. "எழுதிப் போடாதை பிள்ளை. உன்னைக் கும்பிட்டன், எழுதிப் போடாதை."

அதற்கு முன்னால் யாரும் என்னிடம் அப்படிக் கேட்கவில்லை. கேட்க நான் இடம் கொடுக்கவும் இல்லை. "எழுதமாட்டன் அம்மா" என்றேன். செம்பைக் குடிக்காமலே திருப்பிக் கொடுத்தேன்.

யோகம் கேட்டது

எழுதமாட்டேன் என்று சொன்னேன். சொல்லமாட்டேன் என்று சொல்லவில்லை என்று வழியெல்லாம் எனக்கு நானே நியாயம் படித்தபடி, அடுத்த நாள் கொடிகாமத்துக்குப் போனேன். மறைக்க என்ன, உள்ளுக்குள் ஒரு கொண்டாட்டமும் இருந்தது. உன்னைப் பொட்டு என்று சொன்னவர்களின் வீட்டைப் பார், அம்மா!

"இனி நீயே வேண்டாம் எண்டு சொல்லலாம்" என்று முடித்தேன். "உன்ரை மரியாதையும் தப்பும்."

யோகம் தென்னோலைக் கிடுகு பின்னிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"அவவுக்கு ஆர் தலை இழுத்துச் சீவி விடுறது?"

"ஆர் இழுக்கிறது? சடை பிடிச்சுப்போய்க் கிடக்கு."

எங்கள் கேள்விக்கொத்தில் பக்கம் பக்கமாகக் கேள்விகள் இருந்தன. மூன்று பெரிய படிப்பாளிகள் இருந்து யோசித்து எழுதியவை. இப்படியொரு கேள்வி அதில் இல்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

எங்கள் கலியாணங்களில் மாப்பிள்ளையின் சகோதரிதான் தோழி. தாலி கட்டும் நேரம் விளக்கைப் பிடித்துக்கொண்டு பெண்ணுக்குப் பின்னால் நிற்பாள். இந்த மாப்பிள்ளைக்குச் சகோதரி இல்லை என்று சொல்லி யாரோ ஒரு மச்சாளை ஒழுங்கு செய்திருந்தார்கள்.

"போய்ச் சொல்லுங்கோ அக்கா" என்றாள் யோகம். "தவமக்கா தோழியா நிக்கிறதெண்டால் எனக்குச் சம்மதம். அவவை அறைக்குள்ளை பூட்டிப்போட்டு எனக்குத் தாலி கட்டுறதெண்டால் எனக்கு அவையும் வேண்டாம், அவையின்ரை யோசனையும் வேண்டாம்."

"உனக்கென்ன விசரோ?" என்று கேட்டேன். வாயில் வந்துவிட்டது. அவள் சிரித்தாள். அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

சொல்லப் போனேன். விதானையார் குதித்தார். ஊர் சிரிக்கும் என்றார், பெண் கொடுக்க முதலே கட்டளை போடுகிற குடும்பம் என்றார். மாப்பிள்ளையை அன்றுதான் கண்டேன். மெலிந்த மனிதன், சட்டையில் சங்கக்கடை அரிசித் தவிடு. கதவோடு ஒட்டி நின்றவர் ஒரே ஒரு வசனம்தான் சொன்னார்.

"மாமா, நீங்கள் கொஞ்சம் பேசாமல் இருங்கோ."

இதை எழுதலாமோ என்று இந்தக் கிழமை யோகத்திடம் கேட்டேன். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாக இருக்கிறாள். "எழுதுங்கோ, நீங்கள் எழுதாததோ!" என்றாள். அந்தக் குத்து எனக்கு வேண்டியதுதான்.

ஆவணியில் கொடிகாமத்தில் கலியாணம் நடந்தது. வேலிக்கு இரண்டு பக்கத்து ஊரும் வந்திருந்தது. மூன்று படிப்பாளிகளும் வந்திருந்தார்கள், சாப்பாட்டை விடுவார்களா? தவத்துக்கு நீலச் சேலை. சடையை எடுக்க முடியாமல் மயிரைக் கழுத்தோடு வெட்டி, அதற்குள் எப்படியோ பூ வைத்திருந்தார்கள். விளக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு யோகத்துக்குப் பின்னால் நின்றா.

மாப்பிள்ளை தாலியோடு எழுந்தார். நாதஸ்வரமும் தவிலும் ஒரேயடியாக முழங்கின. தவம் வெருண்டுவிட்டா. விளக்கு ஆடியது. எண்ணெய் யோகத்தின் தோளில் சிந்தியது. "போவம், போவம்" என்று தவம் சத்தமாகச் சொன்னா. பந்தல் முழுவதும் திரும்பியது. விதானையார் விளக்கைப் பறிக்க எழுந்துவிட்டார்.

யோகம் தலைகுனிந்து இருக்க வேண்டிய நேரம் அது. அவள் நிமிர்ந்தாள். கையைப் பின்னால் கொண்டுபோய்த் தவத்தின் மணிக்கட்டைப் பிடித்தாள். "பிள்ளை, முன்னாலை பாரும்" என்றார் ஐயர். அவள் பார்க்கவில்லை. பாதி திரும்பியிருந்த கழுத்தில்தான் மாப்பிள்ளை தாலி கட்டினார். முடிச்சு விழுந்த பிறகும் அவள் அந்தக் கையை விடவில்லை.

எனக்குக் கண் மறைத்தது. பக்கத்தில் விலங்கியல் பேராசிரியர் என் காதுக்குள் குனிந்தார்.

"உவ ஆர் பிள்ளை? மாப்பிளையின்ரை சொந்தச் சகோதரியோ? தாய்வழியிலை வேறை ஆருக்கும்..."

சட்டைப்பையிலிருந்து பேனா வெளியே வந்துவிட்டது. நான் அதைப் பிடுங்கி, அந்தக் கையில் மணமக்களை வாழ்த்தித் தூவும் அறுகரிசி ஒரு பிடி வைத்தேன்.

"போடுங்கோ சேர்" என்றேன். போட்டார்.